சொட்டுமிடம் வேறு, ஓட்டை வேறு

அந்தமானின் லாங் ஐலண்ட் ஜெட்டியில் டுங்கி என்னும் திறந்த படகை ஓட்டும் தம்பி ஒருவர் சொன்னதை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். மே மாதக் கடைசி. பருவமழை பிடித்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வைத்திருக்கும் முப்பதடிப் பாய்மரப் படகு ஜெட்டிக்குச் சற்றுத் தள்ளி நங்கூரத்தில் நின்றது. உள்ளே படுக்கைக்கு மேலே மூன்றாவது இரவாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த மெத்தையைக் காயப்போட இடம் தேடிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "மழத்தண்ணி நல்ல தண்ணிதானண்ணே, அது படக ஒண்ணும் பண்ணாது. கடத்தண்ணி உள்ள வந்தாத்தான் பயப்படணும். சொட்டுற எடத்துல சிலிக்கான் வச்சு இழுத்து விட்டுருங்க, சரியாயிரும்."

இதே பேச்சைப் படகு வைத்திருக்கும் பலரிடம் கேட்டிருக்கிறேன். படகு விற்பவர்கள் சொல்வார்கள், வாங்கியவர்கள் சொல்வார்கள், பழுது பார்க்க வருகிறவரும் சொல்வார். எல்லோரும் நம்பித்தான் சொல்கிறார்கள். அந்தத் தம்பியும் அனுபவத்திலிருந்துதான் பேசினார். அவருடைய படகுக்கு அது உண்மை. டுங்கிக்கு மேல்தளம் கிடையாது, அறை கிடையாது. பெய்த மழை அடியில் தேங்கும், கண்ணுக்குத் தெரியும், ஒரு டின் இருந்தால் இறைத்துக் கொட்டிவிடலாம். மறுநாள் கடலுக்குப் போனால் அலை தெறித்துப் பலகை முழுக்க உப்பேறும், மதிய வெயிலில் உலரும். ஈரம் ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை. அறையும் தளமும் உள்ள பாய்மரப் படகோ மூடி போட்ட பெட்டி. அதற்குள் நுழைந்த ஈரம் வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே கிடக்கும். திறந்த படகில் கற்ற பாடத்தை மூடிய படகுக்கு அப்படியே வைப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

"நல்ல தண்ணி ஒண்ணும் பண்ணாது" என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் வேர்.

மரத்தை அழுகவைப்பது தண்ணீர் இல்லை, பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அது வளராது. 30 விழுக்காட்டை ஒட்டி ஏறி, இறங்காமல் நின்றுவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். வெப்பம் 25இலிருந்து 30 டிகிரிக்குள் இருந்தால் இன்னும் வேகம். அந்தமானின் தட்பவெப்பத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ அதே வெப்பம்தான். சென்னையில் ஓர் ஆண்டுக்கு 1,400 மி.மீ. மழை என்றால் இங்கே சுமார் 3,000 மி.மீ. தென்மேற்குப் பருவமழை கேரளத்தை எட்டும் முன்பே, மே மூன்றாம் வாரவாக்கில் இங்கே வந்துவிடும். அது ஓய்ந்ததும் வடகிழக்கு தொடங்கும். பூஞ்சைக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

பூஞ்சைக்குப் பிடிக்காத ஒன்று உப்பு. கருவாட்டுக்கு உப்பு செய்யும் வேலையைத்தான் கடல்நீர் பலகைக்குச் செய்கிறது. தேக்குத் தளத்தைக் கடல்நீரில் கழுவு, நல்ல தண்ணீரில் கழுவாதே என்று பழைய மாலுமிகள் சொன்னதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையில் மரக்கப்பல் கட்டியவர்கள் ஒருபடி மேலே போய், வங்குகளுக்கு, அதாவது விலாச் சட்டங்களுக்கு, நடுவே உப்பையே கொட்டி அடைத்தார்கள். மேலிருந்து இறங்கும் மழைநீர் உப்புநீராகி, மரத்தைக் காக்கட்டும் என்பது கணக்கு. கடல்நீரிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. கப்பல்புழு அடிப்பலகையைச் சல்லடையாக்கும். ஆனால் அது வெளியிலிருந்து, நீர்மட்டத்துக்குக் கீழே தாக்குவது. மழைநீர் மேலிருந்து, உள்ளிருந்து, கண்ணில் படாமல் தின்கிறது.

"எங்க படகு மெரைன் பிளைவுட், அது கெடாது" என்று இடைமறிப்பவர்கள் உண்டு. லாங் ஐலண்டில் இதைச் சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். இந்தத் தீவு ஒரு காலத்தில் ஒட்டுப்பலகை ஆலையைச் சுற்றி வாழ்ந்த தீவு. குர்ஜன் மரத்தை மெல்லிய தகடாக உரித்து ஒட்டும் வேலையை நம்பிக் குடும்பங்கள் இருந்தன. மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் 2002 மே மாத ஆணையில் கடுமையாகக் கட்டுப்படுத்தியபின் அந்தமானின் மரத்தொழில் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஒட்டுப்பலகை என்றால் என்ன என்று தெரிந்த ஊர் இது. மெரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 710. கொதிக்கும் நீரில் 72 மணி நேரம் போட்டாலும் தகடுகள் பிரியக்கூடாது என்பது அதன் முக்கியமான சோதனை. அதாவது சோதிக்கப்படுவது பசை. இரண்டு பசைக்கோடுகளுக்கு நடுவே இருப்பது மரம்தான். மருந்து ஏற்றியிருந்தாலும், அறுத்த விளிம்பு வழியாக மாதக்கணக்கில் மழைநீரைக் குடித்தால் அது அழுகத்தான் செய்யும். பசை மட்டும் அப்படியே நிற்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கிய பலகைகளைப் பார்த்திருக்கிறேன். மேலே பூசிய பெயிண்ட் பளபளவென்று இருந்தது.

ஃபைபர் படகுக்காரர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. ஃபைபருக்குள் மரம் ஏது என்று கேட்கிறவர்கள் தங்கள் தளத்தைச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பார்க்கட்டும். பெரும்பாலான பாய்மரப் படகுகளின் தளம் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்த அடுக்கு. எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருக்கவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். 2013இல் அபிலாஷ் டோமி எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி முடித்த நம் கடற்படையின் 'மாதேயி'கூட மரத்தை நடுவில் வைத்து ஃபைபர் போர்த்திய படகுதான். அந்த அடுக்கில் ஒரு திருகாணித் துளை சரியாக அடைபடாமல் இருந்தால் போதும். மழைநீர் உள்ளே போய் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே சாவகாசமாகப் பரவும். நல்ல தளத்தில் தட்டினால் 'டக்' என்று கூர்மையான ஒலி வரும். ஊறிய இடத்தில் 'தொப்' என்று மந்தமாக வரும்.

மரம் போகட்டும், இரும்பைப் பாருங்கள். எனக்கு உறக்கம் கெடுவது இதை நினைத்துத்தான். பாய்மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் தளத்தைத் துளைத்து இறங்கும் எஃகுப் பட்டைகளில் பூட்டப்பட்டிருக்கும். செயின்பிளேட் என்பார்கள். அவை துருப்பிடிக்காத எஃகு. ஆனால் துருப்பிடிக்காமல் அவற்றைக் காப்பது மேற்பரப்பில் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் காற்று வேண்டும். தளத்தின் கனத்துக்குள், ஊறிய மரம் சுற்றிப் பிடித்திருக்கும் அந்த ஒன்றிரண்டு அங்குலத்தில் காற்று இல்லை. தளத்தில் படிந்த உப்பைக் கரைத்துக்கொண்டு மழைநீர் அங்கே இறங்கித் தேங்குகிறது. எஃகு உள்ளுக்குள் குழிகுழியாக அரிபடுகிறது. மேலே பார்த்தால் பளிச்சென்று இருக்கும். கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கறை வழிந்திருக்கும், அவ்வளவுதான். ஒருநாள் காற்று இழுக்கும்போது பட்டை முறியும், பாய்மரம் சாயும். மழைத்தண்ணீர் படகை ஒன்றும் செய்யாது என்று இனி எவர் சொன்னாலும் செயின்பிளேட்டைச் சுற்றியுள்ள மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது, "சொட்டுற எடத்துல."

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உடைந்த ஓடு கூரையின் உச்சியில் இருக்கும். தண்ணீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி, எங்கோ ஒரு முடிச்சில் தயங்கி, கூடத்தின் நடுவில் விழும். வாளி வைத்த இடத்துக்கு நேர்மேலே ஏறி ஓடு மாற்றுகிறவர் எவரும் இல்லை. படகில் மட்டும் ஏன் அப்படிச் செய்கிறோம்? படகுக் கூரைக்கு உள்ளே ஒரு மெத்தென்ற துணி ஒட்டியிருக்கும், அல்லது பலகை அடித்திருக்கும். தண்ணீர் அதற்குப் பின்னால் ஓடும். மின்கம்பியைப் பிடித்து ஓடும். தளத்தின் அடுக்குக்குள்ளேயே ஓடும். படகு வீட்டைப் போல ஒரே நிலையில் நிற்பதும் இல்லை. நங்கூரத்தில் அணியம், அதாவது படகின் முன்முனை, சற்றுத் தூக்கி நின்றால் பின்னால் சொட்டும். பாய் விரித்துச் சாய்ந்து போகும்போது அதே ஓட்டையின் தண்ணீர் பக்கச் சுவரில் வழியும். இரண்டையும் இரண்டு ஓட்டை என்று எண்ணி இரண்டு இடத்தில் பசை வைப்பார்கள்.

எங்கள் படுக்கையில் சொட்டியது ஒரு ஜன்னலுக்குக் கீழே. எனவே ஜன்னல்தான் குற்றவாளி என்று எல்லோரும் தீர்மானித்திருந்தோம். நானே இரண்டு முறை அதைச் சுற்றிப் பசை இழுத்திருந்தேன். லாங் ஐலண்டில் அந்த வாரம் செய்த சோதனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

முதலில் நாக்கு. படகின் அடிப்பள்ளத்தில் தேங்கிய நீரைத் தொட்டு வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் கடல், இல்லையென்றால் மழை அல்லது உங்கள் குடிநீர்த் தொட்டி. தொட்டிதானா என்று அறிய, அதன் அளவைக் குறித்துவைத்து மழையில்லாத ஒருநாள் காத்திருந்தால் போதும். வறண்ட பருவத்துக்குப் பிறகு வரும் முதல் மழை தளத்து உப்பைக் கழுவிக்கொண்டு வருவதால் லேசாகக் கரிக்கும். அதைக் கடல் என்று எண்ணி அடிப்பலகையில் ஓட்டை தேடிப் பயப்பட வேண்டாம். இன்னொரு ஐயத்தையும் அப்போதே தீர்த்துவிடுங்கள். மூன்று பேர் மூச்சுவிட்டு, உள்ளேயே சோறு வடித்து, எல்லா மூடியையும் சாத்திக்கொண்டு தூங்கினால் விடியற்காலையில் உலோகச் சட்டங்களில் வியர்த்துக் கொட்டும். அது ஒழுகல் அல்ல. மழையில்லாத இரவிலும் ஈரம் இருந்தால் காற்றோட்டத்தைக் கவனியுங்கள்.

பிறகு உள்ளே கூரைத்துணியைக் கழற்றினோம். பலருக்கு இதற்குத்தான் மனம் வருவதில்லை. ஆனால் வழித்தடத்தை மூடிவைத்துக்கொண்டு தண்ணீரைத் தேட முடியாது. துடைத்து உலர்த்திய பரப்பில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினோம். தண்ணீர் ஓடினால் பவுடரில் கோடு விழும், கோட்டைப் பின்தொடர்ந்து மேலே போகலாம். போல்ட்டுகளைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தைக் கட்டிவைத்தோம்.

மழை விட்டிருந்த ஒரு மதியம், வெளியே தளத்தில் பரிசோதனை. ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் தண்ணீர் ஊற்றினால் எதுவும் தெரியாது. கீழிருந்து மேலே, ஒவ்வொரு பொருத்தாக, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம். கோதுமை மாவைக் கயிறுபோல் உருட்டி, பாத்தி கட்டுவதுபோல் ஒவ்வொரு பொருத்தையும் சுற்றி வரப்பு கட்டினோம். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து பூவாளியில் மெதுவாக ஊற்றினோம். அந்த டுங்கித் தம்பியும் ஏறி வந்து பூவாளியைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலைச் சுற்றி ஊற்றியதில் ஒன்றுமில்லை. பக்கத்துப் பொருத்து, அதற்கடுத்தது, ஒன்றுமில்லை. கடைசியில் அணியத்துப் பக்கம், ஓரக் கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் சிறு தூணின் அடியில் கட்டிய பாத்தியில் நீலத் தண்ணீர் மெல்லக் குறையத் தொடங்கியது. உள்ளே இருந்தவர் குரல் கொடுத்தார். படுக்கைக்கு மேலே நீலமாக ஒரு சொட்டு. நடுவில் ஏழடித் தூரம். ஜன்னலுக்கும் அந்த ஒழுகலுக்கும் இருந்த ஒரே தொடர்பு, தண்ணீர் வழுக்கி விழ அதன் சட்டம் ஒரு விளிம்பு கொடுத்தது மட்டும்தான்.

அந்தத் தூண் ஏன் என்பதும் யோசித்தால் விளங்கும். சின்னப் படகிலிருந்து ஏறுகிற ஒவ்வொருவரும் அதைப் பிடித்துத்தான் தங்கள் முழு எடையையும் இழுக்கிறார்கள். நெம்புகோல்போல் அது அடியை அசைக்கிறது. பசை விட்டுப்போகிறது. ஒழுகலைத் தேடும்போது எது அசைகிறது, எதை எல்லோரும் பிடித்து இழுக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினால் பாதி நேரம் மிச்சம்.

மூன்றாவது பகுதி, சிலிக்கான். பாவம், அது செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அக்ரிலிக் ஜன்னலுக்கு அதற்கென்றே உள்ள சிலிக்கான் சரியான பொருள். பாலியூரித்தேனும் பாலிசல்பைடும் அந்தப் பிளாஸ்டிக்கை அரித்து வெடிக்கச் செய்யக்கூடும். ஆனால் தளத்தில் பூட்டிய தூண், கொக்கி, தண்டவாளம் ஆகியவற்றின் விளிம்பில் குளியலறைச் சிலிக்கானை விரலால் இழுத்துவிடுவது அடைப்பு இல்லை, ஒத்திப்போடுதல். அதன் மெல்லிய எண்ணெய்ப் படிவு பரப்பில் தங்கிவிடும். பிறகு நல்ல பசையோ பெயிண்டோ அங்கே ஒட்டாது. புளித்த வாடை வரும் வகையில் வெளியாகும் அமிலம் உலோகத்தையும் அரிக்கும். இதைவிட மோசம், உள்ளே சொட்டும் இடத்தில் அதை வைத்து அடைப்பது. வாசல் திறந்திருக்க, கொல்லைக் கதவை மட்டும் சாத்துவது அது. தண்ணீர் வருவது நிற்காது, வெளியேறுவது மட்டும் நிற்கும். படுக்கை உலர்ந்திருக்கும், தளத்தின் நடுமரம் ஊறிக்கொண்டிருக்கும்.

சரியான வேலை நேரம் பிடிப்பது. பொருத்தைக் கழற்றவேண்டும். பழைய பசையைச் சுரண்டி எடுக்கவேண்டும். துளையைப் பெரிதாக்கி, கறுத்த மரத்தை வளைந்த கம்பியால் தோண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, கெட்டியாகக் குழைத்த எபாக்ஸியை நிரப்பவேண்டும். அது இறுகியபின் அதன் நடுவே புதிய துளை. இனிப் பசையே விட்டுப்போனாலும் தண்ணீர் எபாக்ஸிக் குழாய்க்குள்தான் போகும், மரத்தைத் தொடாது. துளையின் மேல்வாயைக் கூம்பாகச் சீவிவிட்டால் அடைப்பான் அங்கே வளையம்போல் உட்காரும். அடைப்பானுக்குப் பியூட்டைல் பட்டை நல்லது. கார் முகப்பு விளக்குக்கும் தகரக் கூரைக்கும் ஒட்டும் அதே வகைப் பொருள்தான். இறுகிக் கல்லாகாமல் அசைவோடு அசைந்து கொடுக்கும். பூட்டும்போது மேலே போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு கீழே நட்டை மட்டும் திருக வேண்டும். போல்ட்டைத் திருகினால் சுற்றிப் பிடித்த பசை முழுவதும் அறுந்துவிடும். கீழே ஒரு அகலமான தகடு வைத்தால் தூண் அசைவதும் குறையும்.

இதையெல்லாம் ஜூன் மாதத்தில் செய்ய முடியாது. ஊறிய மரம் அந்த ஈரக்காற்றில் காயவே காயாது. அதற்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை உள்ள வறண்ட மாதங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த மாதங்களில் ஒழுகலைக் கண்டுபிடிக்க முடியாது. மழையில் கண்டுபிடித்து, தேதி போட்டுக் குறித்து, பியூட்டைலால் தற்காலிகமாக அடைத்து, வெயிலில் முறையாகச் செய்வதுதான் இந்தத் தீவுகளின் கால ஒழுங்கு. மழை நின்றால் ஒழுகலும் மறந்துபோவதுதான் நம் வழக்கம்.

"மரப்படகுன்னா மொத மழைக்கு ஒழுகும், பெறகு ஊதி தானா அடைச்சுக்கும்" என்பதில் பாதி உண்மை. பலகை பலகையாக அடித்த தளம் நான்கு மாத வெயிலில் சுருங்கும், மே மழையில் ஊதி இணையும். பிளைவுட்டும் ஃபைபரும் அப்படி ஊதி இணையாது. பலகைத் தளத்திலும் ஒரு வாரத்துக்குப் பிறகும் ஒழுகினால் கலப்பத்து, அதாவது பலகை இடுக்கில் அடித்த அடைப்பு, போய்விட்டது என்று பொருள். பொறுமையில்லாமல் காய்ந்த பலகையின் இடுக்கில் பஞ்சுத்திரியை இறுக்கி அடித்தவர்கள், மழையில் பலகை ஊதி ஆணியையே பிடுங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கை அறிந்த வித்தை. 1925இல் பர்மாவிலிருந்து மாயாபந்தர் பக்கம் வந்து குடியேறிய கரேன் மக்களிடம் அது இன்னும் இருக்கிறது. மரப்படகு ஒழுகத்தான் வேண்டும் என்று விதி இருந்தால் தூத்துக்குடித் தோணிகள் மாலைத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோயிருக்க முடியாது. சரக்கில் ஒரு சிமெண்ட் மூட்டை நனைந்தால் அது கல். ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்து, பிசினால் அடைத்த 'கௌண்டின்யா' என்ற கப்பலை 2025 மே மாதம் கார்வாரில் நம் கடற்படை சேர்த்துக்கொண்டது. பழைய முறையில் கட்டினால் ஒழுகும் என்று நம்பியிருந்தால் அதை யார் கட்டியிருப்பார்கள்?

தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம் என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டில் காற்றுப் போக விட்டு, கூடாரம்போல் உயர்த்திக் கட்டினால் நல்லது. தளத்தோடு ஒட்டப் போர்த்தினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

கடைசியாக, எல்லா ஒழுகலையும் அடைத்துவிடலாம் என்று எதிர்ப்பக்கத்தில் நின்று சொல்கிறவர்களுக்கும் ஒரு மறுப்பு. தளத்தைத் துளைத்து அடிவரை இறங்கும் பாய்மரம் உள்ளே வெற்றுக்குழாய். பாய் ஏற்றும் கயிறுகள் உள்ளே போவதற்கு அதன் மேற்பகுதியில் வெட்டிய வாய்கள் உண்டு. மழை அவற்றின் வழியே உள்ளே இறங்கி நேராக அடிப்பள்ளத்துக்கு வரும். தளத்தில் பாய்மரத்தைச் சுற்றி எவ்வளவு நன்றாக ரப்பர் கட்டினாலும் இது நிற்காது. இங்கே அடைக்கக்கூடாது, வடிய விடவேண்டும். பாய்மரத்தின் அடியில் ஒரு வடிகால் துளை இருக்கும். உப்பும் அலுமினியத் தூளும் சேர்ந்து அதை மூடிவிட்டால் தண்ணீர் குழாய்க்குள் நின்று அடியை அரிக்கும். பாய்மரத்திலிருந்து வெளியே வரும் மின்கம்பியையும் நேராக இழுத்துப் பெட்டிக்குள் விடாமல், பாதியில் தொங்கவிட்டு மேலேற்ற வேண்டும். வழிந்து வரும் நீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குப் போகாது. எங்கள் படகில் பாய்மரத்தின் அடியில், ஆணியில் மாட்டிய வளைகம்பி ஒன்று இருக்கிறது. மே முதல் டிசம்பர் வரை, வாரத்துக்கு ஒருமுறை, அந்த வாரம் முறை வருகிறவர் அதை எடுத்து அந்தத் துளையைக் குத்திவிட வேண்டும்.